காயாத காப்பு

காலை ஒன்பதரைக்குக் கட்டிய கயிறு மதியம் பன்னிரண்டாகியும் காயவில்லை.

குமுதா மூன்றாவது தடவையாக அதைத் துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். துப்பட்டாவில் மஞ்சள் கறை பிடித்ததுதான் மிச்சம். கோலசிலாங்கூரின் பழைய கோட்டைக் குன்றில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஏறி வரும்போது முதுகோடு ஒட்டிக்கிடந்த சுடிதார் ஒருமுறை காய்ந்து, மறுபடி வியர்த்து, மறுபடியும் காய்ந்துவிட்டது. இடது மணிக்கட்டில் இருந்த கயிறு மட்டும் இப்போதுதான் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கை வரை ஒரு மஞ்சள் கோடு இறங்கியிருந்தது. வேப்பிலை வாசம் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது, சேறா டீசலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.

"சனியன்" என்று முணுமுணுத்தாள். எரிச்சல்படுவதற்கு அவளுக்கு இன்று வேறு எவ்வளவோ இருந்தது. அந்த வரிசையில் கயிறு கடைசி.

முதல் ஆள் வாசு. பதினோரு வருஷம் புருஷன், இப்போது எதிர்க்கட்சி. நாளை திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருச்சி குடும்ப நீதிமன்றத்தில், ஒன்பது வயது நித்தியா அம்மாவிடம் இருப்பதா அப்பாவிடம் இருப்பதா என்று முடிவாகப் போகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி அவளை ஒரு வாரப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போகச் சொன்னது. போகாவிட்டால் வேலை போகும்; வேலை போனால் "பிள்ளையை எதை வைத்து வளர்ப்பாள்" என்பார்கள். போனாலோ "பிள்ளையை விட்டுட்டு வெளிநாடு சுத்தப் போனவ" என்பார்கள். ஒரு வாரமாக நித்தியா வாசு வீட்டில், மாமியார் கையில். நாளை குமுதா அந்தக் கூண்டுக்கு முன்னால் நிற்காவிட்டால் அது நிரந்தரமாகிவிடும். வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நீங்க வரலைன்னா நான் வாயைத் திறந்தும் பிரயோஜனமில்ல, மேடம்."

விமானம் இன்று இரவு பத்து மணிக்கு. ஹோட்டல்காரன் காலையிலேயே அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். விமான நிலையத்தில் பெட்டியோடு குந்தியிருந்து வாசுவின் மெசேஜ்களைப் படித்து வயிறெரிவதற்குப் பதில், வாழ்க்கையில் முதன்முறையாகத் தனியாக ஒரு ஊரைச் சுற்றிப் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டாள். சுல்தான்களின் ஊர், டச்சுக்காரன் பிடித்த கோட்டை, பீரங்கி, வெள்ளைக் கலங்கரை விளக்கம். எவன் என்ன எழுதிக்கொண்டால் என்ன?

குன்றின் மேல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சாம்பல் நிறக் குரங்குகள் மரத்திலிருந்து இறங்கி வந்து, பயறு வைத்திருந்தவர்கள் தோளிலும் தலையிலும் உரிமையோடு ஏறி உட்கார்ந்தன. குமுதாவும் ஒரு கட்டுப் பயற்றங்காய் வாங்கி வலக்கையில் நீட்டினாள். ஒன்றும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் பாதி வழியில் நின்று, பயற்றைப் பார்க்காமல் அவள் இடக்கையைப் பார்த்தன. ஆரஞ்சு நிறக் குட்டியை மடியில் வைத்திருந்த தாய்க்குரங்கு, குட்டியின் முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து போனது.

"குரங்குக்குக்கூட நான் ஆகாதவளா?" பயற்றை அப்படியே தரையில் வீசினாள்.

பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று தன்னைத்தானே ஒரு படம் எடுத்தாள். கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் இன்னொன்று. நித்தியாவுக்கு இரண்டையும் அனுப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்தாள். பதில் உடனே வந்தது, வாசுவின் ஃபோனிலிருந்து. முதலில் ஒரு படம்: நீலப் பூப்போட்ட சட்டையில் நித்தியா, ஒற்றைச் சடை, அதுவும் பாதி அவிழ்ந்து தொங்கியது. குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்னக்கூட வக்கில்லாதவர்களுக்குப் பிள்ளை வேண்டுமாம்! பிறகு குரல்: "அம்மா, சூப்பரா இருக்கு. உன் கையை யாரும்மா பிடிச்சு இழுக்கறா?"

அவள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பீரங்கிப் படத்தில் அவள் இடக்கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. வளையல்காரனிடம் நீட்டுவது மாதிரி, மணிக்கட்டு மேலே தெரிய, விறைப்பாக. கலங்கரை விளக்கப் படத்திலும் நீண்டிருந்தது. கையை நீட்டியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. இரண்டு படத்திலும் அவள் வேறு வேறு பக்கம் திரும்பி நின்றாள். ஆனால் கை இரண்டிலும் ஒரே திசையைத்தான் காட்டியது. கடலுக்கு எதிர்ப்பக்கம். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடுகள் கரும்பச்சையாக விரிந்து கிடந்த பக்கம். காலையில் அவள் வந்த வழி.

காலையில் நடந்தது இதுதான். வெள்ளை வாடகைக் காரை ஓட்டி வந்த சேது, ரவாங்கில் குடியிருக்கும் இளைஞன். அசாம் ஜாவா தாண்டியதும் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது என்று காரை ஓரங்கட்டினான். காலை நீட்டலாம் என்று அவள் இறங்கினாள். சாலையோரம் ஒரு கால்வாய், அதன்மேல் சின்ன சிமெண்ட் பாலம், அதைத் தாண்டிச் செம்பனைத் தோட்டம். உள்ளேயிருந்து சூடத்தின் வாசம் வந்தது. வெளிநாட்டில் ஒரு வாரம் மூக்குக்குக் கிடைக்காத வாசம். பாலத்தைத் தாண்டிப் போனாள். மரத்தடியில் தகரக்கூரை போட்ட சின்ன அம்மன் கோயில், மாவிலைத் தோரணம், முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் வலக்கையையும் பெண்கள் இடக்கையையும் நீட்டியிருந்தார்கள். யாரும் பேசவில்லை.

கோயிலில் வரிசையைக் கண்டால் நிற்பதற்கும், கயிற்றைக் கண்டால் கையை நீட்டுவதற்கும் ஒரு திருச்சிக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் நின்றாள். நீட்டினாள்.

காக்கி அரைக்கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்ட பெரியவர் ஒருவர் கட்டிக்கொண்டு வந்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. "பேரு?"

"குமுதா."

"புருசன் பேரு சொல்லுமா. குடும்பப் பேருலதான் கட்டுறது."

சாமி கயிற்றுக்குக்கூட அவன் பேர் வேண்டுமா? "என் ஒருத்தி பேர்ல கட்டுங்க. போதும்" என்றாள் வெடுக்கென்று. அவர் மூன்று முடிச்சுப் போட்டார்.

காரில் ஏறிய பிறகுதான் கவனித்தாள். வெறும் கயிறில்லை. விரலி மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிய காப்பு. திருவிழாக் காப்பு. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் பிறந்தவளுக்குக் காப்பு என்றால் என்ன என்று தெரியாதா? கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையை விட்டு வெளியே ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. இந்த ஊரில் வந்தவர் போனவருக்கெல்லாம் சும்மா கட்டுவார்கள் போல என்று அப்போது நினைத்துக்கொண்டாள். சரி, நமக்கென்ன.

குன்றின் அடிவாரத்தில் ஓர் ஒட்டுக்கடை இருந்தது. நாலு மேசை, தகரப் பந்தல், சட்டியில் கொதிக்கிற மீன் கறி. கடைக்கார அம்மாள் லீலாவதிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரையும் திட்டிக்கொண்டே பரிமாறினாள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"சோறும் மீன் கறியும் குடுங்கக்கா."

லீலாவதி இலையைப் போட்டுக் கரண்டியை எடுத்துவந்தவள் குமுதாவின் கையைப் பார்த்தாள். "ஏய் தங்கச்சி, காப்பு கட்டிக்கிட்டு மீன் கேக்குற? அறிவு வேணாம்? எந்தக் கோயில்ல காப்பு இப்ப? ஆடி முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு."

"வர்ற வழியில ஒரு தோட்டத்துல. பாலம் ஒண்ணு இருக்குமே, கால்வாய் மேல."

"ஒம்பதாங்கட்டைத் தோட்டமா?"

"பேர் தெரியலக்கா. காக்கி டவுசர் போட்ட ஒரு பெரியவர் கட்டினார்."

கரண்டி கீழே விழுந்தது. மீன் கறி குமுதாவின் செருப்பில் தெறித்தது. லீலாவதி குனிந்து அதை எடுக்கவில்லை. வேறு மேசைகளுக்குப் போகவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து, காப்பைத் தொடாமல், அதன் மூன்று முடிச்சையும் பார்த்தாள்.

"அங்க கோயிலு இல்ல தங்கச்சி. பதினாறு வருசமா இல்ல" என்றாள். "நான் அந்த லயத்துல பொறந்தவ. தொழிலாளிங்க வீடு, வரிசையா இருக்கும், அதான் லயம். தோட்டத்தக் கம்பெனிக்காரன் வித்துட்டான். பத்து நாளு திருவிழா, காப்பு கட்டி மூணாம் நாளு, இடிக்க வந்துட்டானுங்க. எங்கள வேலை வாங்குற மண்டோர் நல்லசாமிதான் பூசாரியும். பத்து நாளு பொறுங்க, காப்ப அவுத்துட்டு நாங்களே போயிடறோம்னு அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டாரு. எவன் கேட்டான்? ஆளையும் சாமானையும் ஒரே லோரியில அள்ளிப் போட்டானுங்க. பாலத்தத் தாண்டல. லோரி கால்வாயில கவுந்துச்சு. பதிமூணு பேரு. என் அக்கா கங்காவும் அதுல. நல்லசாமியும் அதுல. அத்தனை பேரு கையிலயும் காப்பு. அவுக்க ஆளில்ல. பேப்பர்ல நாலு வரி போட்டான், அவ்ளோதான்." அவள் குரல் உடையவில்லை, தடித்தது. "எனக்கு அன்னிக்கு வீட்டுக்குத் தூரம். அதனால கட்டிக்கல, லயத்த விட்டு வெளிய இருந்தேன். அதனாலதான் இன்னிக்கு ஒனக்குச் சோறு போடறேன்."

குமுதாவுக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம் வந்தது. "எவனோ செஞ்ச அநியாயத்துக்கு என் கையில எதுக்குக்கா கட்டணும்?"

"நீதான நீட்டுன? கைய நீட்டுனவங்களுக்கு எங்க மண்டோர் இல்லன்னு சொன்னதில்ல." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "யாரு பேருல கட்டுனாரு?"

"என் ஒருத்தி பேர்லதான்."

"நல்ல வேள. குடும்பப் பேரு சொல்லியிருந்தா வீட்டோட கட்டியிருப்பாரு, தொட்டில் புள்ள வரைக்கும். எங்க தோட்டத்துல அதான் வழக்கம்." லீலாவதி பெருமூச்சு விட்டாள். "பகல்ல எங்க வேணா சுத்தலாம். பொழுது சாயறதுக்குள்ள எல்லைக்குள்ள இருக்கணும். கட்டுன கைதான் அவுக்கணும்."

"எனக்கு ராத்திரி ஃப்ளைட்டுக்கா! நாளைக்குக் கோர்ட்டு! என் பொண்ணு!" மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீன் வெட்டுகிற கத்தரிக்கோல் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. லீலாவதி தடுப்பதற்குள் குமுதா அதை எடுத்துக் கயிற்றுக்குள் விட்டு நறுக்கென்று வெட்டினாள்.

காப்பு இலையில் விழுந்தது. விழுந்த நொடியே காய்ந்து, பழைய சருகாகச் சுருண்டது. குமுதா மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். வெறும் தோல். வெட்டியதற்கு வானம் இடிந்து விழவில்லை. "அவ்ளோதான்" என்றாள். லீலாவதி இலையை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு சோறும் வரவில்லை.

சேதுவுக்கு அடித்தாள். உடனே கிளம்ப வேண்டும். அவன் சுங்கை பஞ்சாங்கில் வயல் பார்க்கப் போன வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருந்தான். "அஞ்சு மணின்னுதான சொன்னீங்க அக்கா? ரோட்டுல ஒரே ஜாம் லா. வந்துடறேன்." வேறு கார் கூப்பிடலாம் என்றால் அவள் பெட்டி அவன் காரில் இருந்தது. பாஸ்போர்ட்டும் பெட்டியில். யாரைத் திட்டுவது? தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

ஆற்றங்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். மீன்பிடிப் படகுகள் தடதடத்துக்கொண்டு போயின. சேற்றில் நண்டுகள் சுரண்டும் சத்தம், தூரத்தில் பிள்ளைகளின் சிரிப்பு, எங்கோ வறுக்கிற கருவாட்டு வாசம், எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தன. நாலரை மணிக்கு மேல் மடியில் ஏதோ சொட்டியது. பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று முடிச்சு. ஈர மஞ்சள். வேப்பிலை இன்னும் வாடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. தூங்குகிறவன் கை தானாக அசைவது மாதிரி, அவசரமில்லாமல். தோள் உயரத்துக்கு வந்து, செம்பனைப் பக்கம் திரும்பி, நீண்டு நின்றது.

வலக்கையால் அதைப் பிடித்து இறக்கினாள். தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடியில் அது துடித்துக்கொண்டே இருந்தது.

சேது வரும்போது மணி ஐந்தே முக்கால். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "ஏர்போர்ட். எங்கயும் நிறுத்தாத."

கார் ஊரைத் தாண்டியது. சேது கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். "கை வலிக்குதா அக்கா? காலையிலயும் ரொம்ப நேரம் நீட்டிக்கிட்டே இருந்தீங்க."

"காலையில கோயில்ல காப்பு கட்டினாங்க."

"எந்தக் கோயிலு?" அவன் சிரித்தான். "அங்க செம்பனைதான அக்கா இருக்கு. நீங்க பாலத்தத் தாண்டிப் போயி, மரத்துக்கிட்ட கைய நீட்டிக்கிட்டு நின்னீங்க. தனியா. அஞ்சு நிமிசம். வெளியூருக்காரங்க, ஏதோ டிக்டோக் எடுக்கறீங்கன்னு நெனச்சிக்கிட்டேன் லா."

"தனியாவா?"

"ஆமா அக்கா."

"இந்தக் கயிறு? இது தெரியலையா உனக்கு?" முன்சீட்டுக்கு இடையில் கையை நீட்டிக் காட்டினாள்.

சேதுவின் சிரிப்பு போய்விட்டது. "கயிறா? ஈரமாத்தான் இருக்கு அக்கா. கயிறு ஒண்ணும் இல்லியே."

சூரியன் செம்பனை உச்சிக்கு இறங்கியிருந்தது. தோட்டம் நெருங்க நெருங்கக் கை கனத்தது. பாலம் வலது பக்கம் வந்தது, கடந்தது. கடந்த அந்த நொடியில் தோளில் யாரோ கயிறு கட்டி இழுத்தார்கள். குமுதா அலறினாள். கை கதவில் அறைந்தது, கண்ணாடியில் அறைந்தது, பின்னால் திரும்பியது, கை திரும்பக் கூடாத அளவுக்குத் திரும்பியது. எலும்பு மூட்டில் நறநறவென்று சத்தம். வாயில் மஞ்சள் கசந்தது.

"திருப்பு! வண்டியத் திருப்பு!"

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு..."

"திருப்புடா!"

சேது திருப்பினான். பாலத்துக்கு முன்னால் காரை நிறுத்தியபோது வலி சுவிட்ச் போட்டது போல நின்றது. அவள் இறங்கினாள். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. வாழ்நாள் முழுக்க யார் யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அப்பா, வாசு, மாமியார், மேனேஜர். இப்போது செத்தவர்களுமா? இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று பாலத்தைத் தாண்டி நடந்தாள்.

உள்ளே சாயங்காலம் சீக்கிரம் வந்திருந்தது. செம்பனை மட்டைகளுக்கு அடியில் பச்சை இருட்டு. கீழே விழுந்த பழங்கள் அழுகிய எண்ணெய் வாசம். பறவைச் சத்தம் இல்லை. காற்று இல்லை. சொட்டுகிற சத்தம் மட்டும். முதலில் ஓரிடத்தில், பிறகு பல இடத்தில்.

அவர்கள் நின்றார்கள். காலையில் நின்ற அதே வரிசை. காலையில் அவள் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளை மட்டும்தான் பார்த்தாள். இப்போது பார்த்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சேலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் கால்வாய்த் தண்ணீர் சொட்டியது. மூக்குத் துவாரங்களில் சேறு. ஒரு பெண்ணுக்கு லீலாவதியின் தாடை, லீலாவதியின் முறைப்பு. நீட்டிய கைகள் எதுவும் நடுங்கவில்லை.

வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள்.

நல்லசாமி கோயில் இருந்த இடத்தில் நின்றார். "வந்துட்டியாமா. பொழுது சாயல இன்னும்."

"அவுத்து விடுங்க."

"திருவிழா முடியட்டும்."

"எப்ப முடியும்?"

அந்தக் கேள்வியை அவரும் யாரிடமோ கேட்டவர் போலப் பார்த்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா!" குமுதா கத்தினாள். "ஒம்பது வயசு! நாளைக்கு நான் போகலன்னா அவளப் புடுங்கிக்குவாங்க! உங்களுக்கு அநியாயம் பண்ணவன் எவனோ, அவனப் போய்ப் பிடிங்க! அவன் கையில கட்டுங்க!"

"அவங்க கைய நீட்டலியேமா" என்றார் நல்லசாமி. அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எங்களுக்கும் புள்ளைங்க இருந்துச்சு. நாங்களும் பத்து நாளுதான் கேட்டோம்."

சொட்டு. சொட்டு. வரிசை அவளைப் பார்த்தது.

"வரிச கொறையக் கூடாது" என்றார். "ஒன் எடத்துல நிக்க வேற ஆளு சொல்லு. அவுத்து விடறேன்."

அவளுக்கு யோசிக்க ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. "வாசு. என் புருஷன். அவன் நிக்கட்டும்."

"அவரு ஒருத்தரு மட்டுமா? குடும்பப் பேருலதான் கட்டுறது."

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. வாசுவின் மெசேஜ். 'ஃப்ளைட்டை விட்டுடாதே. விட்டாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். அம்மா இப்பவே பாயசம் வெச்சிட்டாங்க.'

பதினோரு வருஷம். அந்த வீட்டுச் சமையலறையில் அவள் விழுங்கிய அத்தனை வார்த்தையும் ஒரே மூச்சில் மேலே வந்தன. நாக்கில் எப்போதும் தயாராக இருக்கிற, கோபம் வந்த எந்தப் பெண்ணும் தெருவில் மண்ணை வாரித் தூற்றிச் சொல்கிற அந்தச் சாபம்தான்.

"ஆமா! அவன் குடும்பமே வந்து நிக்கட்டும்! ஒருத்தர் மிச்சமில்லாம! குடும்பத்தோட கட்டுங்க!"

நல்லசாமி தலையசைத்தார். சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டன. ஒரு முடிச்சு. இரண்டு. மூன்றாவதில் கொஞ்சம் நிதானித்து அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறவர் போலிருந்தது. கேட்கவில்லை. அவிழ்த்தார்.

ஓடினாள். பாலம். கார். கதவு. "போ, போ, போ."

கார் பறந்தது. கை அவள் கையாக இருந்தது. மடக்கினாள், நீட்டினாள், விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தாள். தோல் காய்ந்திருந்தது. மணி ஆறரை. எட்டுக்குள் போய்விடலாம். பத்தரைக்குக் கோர்ட்டில் நிற்பாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அந்தத் தலையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னிவிடுவாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஃபோன் அதிர்ந்தது. வாசுவின் எண், வீடியோ அழைப்பு. நித்தியாதான். இந்த நாளில் முதல்முறையாகச் சிரித்த முகத்தோடு எடுத்தாள்.

திரை முழுக்கப் பச்சை. கலங்கலாக ஆடி, மெல்ல நிலைத்தது. மரங்கள். நீண்ட நிழல்கள். ஒரு சிமெண்ட் பாலம். ஏதோ வீடியோவைக் காட்டுகிறாள் என்று நினைத்தாள்.

"அம்மா?"

"நித்திக்குட்டி, அம்மா வந்துட்டே இருக்கேண்டா."

"அம்மா, ஒரு தாத்தா வந்து அப்பாவுக்குக் கட்டினாரு. அப்பாயிக்குக் கட்டினாரு." சொட்டுகிற சத்தம் கேட்டது. "கோயில் தாத்தான்னு நானும் கையை நீட்டினேன்."

படம் ஒரு நொடி திரும்பியது. நீலப் பூப்போட்ட சட்டை. பாதி அவிழ்ந்த ஒற்றைச் சடை. முன்னால் நீண்ட ஒரு சின்ன இடக்கை, அதில் மூன்று முடிச்சு.

"ஈரமா இருக்கும்மா. காயவே மாட்டேங்குது."

பிள்ளைக்கு வாசுவின் இனிஷியல். பள்ளியில், ரேஷன் கார்டில், வழக்குக் காகிதத்தில், எல்லாவற்றிலும்.

"நிறுத்து" என்றாள். "சேது. நிறுத்து." சேது பயத்தில் இன்னும் அழுத்தினான்.

படம் மறுபடி திரும்பிச் சாலையைக் காட்டியது. செம்பனைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. பின்கண்ணாடிக்குள் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது, எதையோ குனிந்து பார்த்தபடி.

"அம்மா, காரை நிறுத்தச் சொல்லும்மா."

குமுதா தலையை நிமிர்த்தினாள். திரையில், அந்தத் தலையும் நிமிர்ந்தது.